பொப்பிசையும் பேச்சுமொழியும்

ஈழத்துப் பொப்பிசையை வெறுங் கேளிக்கையென ஒதுக்கும் போக்கு நம்மிடையே உண்டு. இக்கணிப்பு மீளாய்வுக்குரியது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், 1960களின் பிற்பகுதியில் அம்பாறையில் மாணவராயிருந்தபோது நண்பர் குழாத்திடையே பாடத் தொடங்கியவர். கிற்றாரும் பைலாத் தாளமும் துணைநிற்கப் பிறந்த அப்பாடல்கள் ஒலிப்பதிவுக்கூடம் புகுந்தபோது, யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கும் பண்டிதரின் ஒப்புதலை வேண்டாமலே இசைத்தட்டேறிற்று. இதனை மொழியின் சனநாயகமயமாக்கம் என்போம்.

ஆயின், 'சின்ன மாமியே' பாடலில் மருமகனும் மாமியும் உரையாடுகின்றனர். பேசுபொருளான மகளுக்கோ குரலில்லை. நண்பர் வட்டத்தின் ஆண்நோக்கு ஒலிப்பதிவிலும் அவ்வாறே உறைந்துவிட்டது. மொழியில் மரபை மீறிய பாடல், உறவுநோக்கில் அதனை மீறவில்லை. இம்முரண்பாட்டை இனங்காணும் திறனாய்வே இவ்விசைக்கு நாம் அளிக்கக்கூடிய உண்மையான மதிப்பாகும்.