வரவுப் பாட்டு இல்லாத நடிகர்

மட்டக்களப்பின் வட்டக்களரியிலே அரசனுக்கு மட்டுமன்றிக் கட்டியகாரனுக்கும் வரவு உண்டு. தனக்குரிய பாட்டோடும் ஆட்டத்தோடும் அவன் களரியேறுகிறான்; அவன் இன்னான் என்பதைச் சபை அறிந்துகொள்கிறது. நாவற்குடாவிலிருந்து இதனை எழுதும் நாம் அத்தகைய கூத்து மரபிலே வளர்ந்தவர்கள். ஆதலால் தமிழ்த் திரைப்படத்தை நோக்கும்போது ஒரு குறை நம் கண்ணை உறுத்துகிறது. அங்கே வரவு கதாநாயகனுக்கே உரியதாகிவிட்டது. மற்றையோர் வருகிறார்கள், போகிறார்கள்.

2024 நவம்பர் 9ஆம் நாள் தமது 80ஆவது வயதிற் காலமான டெல்லி கணேஷ், அவ்வாறு வரவின்றி வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடித்தவர். வல்லநாட்டிற் பிறந்து, 1964 முதல் 1974 வரை இந்திய விமானப் படையிற் பணிபுரிந்து, தலைநகரின் தட்சிண பாரத நாடக சபாவிலே மேடையேறி, 1977இல் கே. பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' வாயிலாகத் திரைக்கு வந்தார். நடித்த படங்கள் 400க்கு மேல். தொலைக்காட்சித் தொடர்களும் பல. ஆனால் எண்ணிக்கை கலைக்கு அளவுகோலாகாது.

துரை இயக்கிய 'பசி' 1979இல் வெளிவந்தது. சென்னைக் குடிசைப் பகுதியிலே குப்பை பொறுக்கிப் பிழைக்கும் குப்பம்மாவாக ஷோபா நடித்துத் தேசிய விருது பெற்றார். அவளுடைய தந்தையாகிய ரிக்‌ஷாத் தொழிலாளியாக நடித்தவர் டெல்லி கணேஷ். வறியவனை இரக்கத்துக்குரிய பொம்மையாகவோ நகைப்புக்குரிய குடிகாரனாகவோ காட்டுவது திரையுலகின் வழக்கம். இவரோ உழைத்துக் களைத்த ஒரு மனிதனைக் காட்டினார். தமிழக அரசின் சிறப்புப் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

'சிந்து பைரவி'யில் (1985) மதுவுக்கு அடிமையான மிருதங்கக் கலைஞர். அவரைக் கடிந்து ஒதுக்கும் பாடகரே பின்னர் மதுவில் வீழ்கிறார். அந்தச் சிறு பாத்திரம் பொய்யாக அமைந்திருப்பின், பெரிய பாத்திரத்தின் வீழ்ச்சியும் நம் நெஞ்சைத் தொட்டிராது. 'அபூர்வ சகோதரர்க'ளில் (1989) கொடியவர் நால்வருள் ஒருவர். மறு ஆண்டிலேயே 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டுச் சமையற்காரர். கலியாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்ததும் அவர் படும் பாட்டைக் கண்டு நாம் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்கு அடியில் இருப்பது, தொழிலும் மானமும் ஒருசேரப் போய்விடுமே என்று நடுங்கும் ஓர் உழைப்பாளியின் அச்சம்.

இத்தகைய ஆற்றலைத் திரையுலகம் எவ்வாறு பயன்படுத்தியது? 'பசி' போன்ற வாய்ப்புக்கள் அரிதாகவே வந்தன. நல்ல தந்தை, வெகுளியான மாமா, பேச்சுவழக்கால் நகைப்பூட்டும் ஐயர் என்ற வார்ப்புக்களே திரும்பத் திரும்ப வந்தன. அவற்றுட் பலவற்றில் அவரது திறமை வெறுமையான எழுத்தை மூடிமறைக்கவே செலவாயிற்று. நடிப்பையே பிழைப்பாகக் கொண்டவர் வந்ததை ஏற்றுக்கொண்டமையைக் குற்றமெனக் கூறோம். நாயகனைச் சுற்றியே பணமும் கதையும் சுழலும் அமைப்பே குற்றவாளி. அந்த நாயகனுக்கு விசிலடித்துவிட்டு மற்றவரின் பெயரைக்கூடக் கேளாது எழுந்துவந்த நமக்கும் அதிற் பங்குண்டு.

பாடசாலை மேடைகளிலே நாடகம் பழக்கும் ஆசிரியர்களும் நடிக்கும் மாணவர்களும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரச வேடத்துக்குப் போட்டியிடும் பிள்ளைக்குக் காவலன் வேடத்தின் பொறுப்பையும் நாம் கற்பிக்கிறோமா? கட்டியகாரனுக்கும் வரவு கொடுத்த களரி நம்முடையது. அதன் அறத்தை நமது புதிய மேடைகளுக்கும் திரைக்கும் கொண்டு செல்வதே, டெல்லி கணேஷ் போன்ற கலைஞருக்கு நாம் செலுத்தக்கூடிய மெய்யான அஞ்சலி.