திரைக்காட்சியும் அரசியல் வாதமும்

எம்.ஜி.ஆர். இயக்கி இரு வேடங்களில் நடித்த ‘நாடோடி மன்னன்’ 1958இல் வெளிவந்தது. அதில் அரியணையேறும் எளியவன் ஏழைகளுக்காகச் சட்டங்களை அறிவிக்கிறான். 1977இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். இத்தகைய திரைக்காட்சிகள் அரசியல் மேடைகளில் இன்றளவும் எடுத்தாளப்படுகின்றன.

எழுத்தறியாதோர்க்கும் நீதியின் வேட்கையைப் புலப்படுத்தும் ஆற்றல் அவற்றுக்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் உவமை வேறு, சான்று வேறு. திரையில் அறிவிப்பே நிறைவேற்றம். ஆட்சியிலோ, 1982இல் அவரே தொடங்கிய சத்துணவுத் திட்டத்துக்கும் நிதியும் சமையற்கூடமும் பணியாளரும் வேண்டியிருந்தன. திட்டத்தைப் போற்றுவோரும் குறைகூறுவோரும் இவற்றைக் கொண்டே வாதிடல் வேண்டும்.

நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டியின் கதை, கேட்ட அரசனையே தீர்ப்புச் சொல்ல வைத்தது. அத்தீர்ப்பு அவன்மீதே திரும்பிற்று. நாயகனின் வசனமோ கைதட்டலைப் பெற்றுக்கொண்டு, தீர்ப்புச் சொல்லும் பொறுப்பினின்று கேட்போனை விடுவித்துவிடுகிறது. நாயகனை நேசிப்பது குற்றமன்று. அந்நேசத்தின் பொருட்டு ஆட்சியைச் சீர்தூக்கும் கடமையைக் கைவிடுவதே கேடு.