காலனி: ஒரு சொல்லும் அதன் அடைமொழிகளும்

பின்காலனியம் பற்றித் தமிழில் நாம் நிறையவே எழுதித் தீர்த்துவிட்டோம். தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளில் சயீதும் ஃபனானும் அடிபடாத இதழ் குறைவு. காலனிய மனம், காலனியச் சொல்லாடல், காலனிய நீக்கம் என்று வரிசையாகக் கலைச்சொற்களையும் செய்துகொண்டோம். இதே 'காலனி'யை ஒரு கிராமத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள். அங்கே யாருக்கும் லண்டன் ஞாபகத்துக்கு வராது. ஊரைத் தாண்டி இருக்கிற தலித் குடியிருப்புதான் ஞாபகத்துக்கு வரும். நாம் எழுதும்போது ஏகாதிபத்தியம், ஊர் பேசும்போது சாதி. இந்த இரண்டு அர்த்தங்களும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்காமல் இத்தனை வருஷம் எப்படிக் காலந்தள்ளின என்பதுதான் என் கேள்வி.

லத்தீனில் 'கோலெரே' என்றால் உழுதல், குடியிருத்தல், பேணுதல், வழிபடுதல். குடியேறி உழுகிறவன் 'கொலோனுஸ்', அவன் குடியேற்றம் 'கொலோனியா'. ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் பெயர், கி.பி. 50இல் ரோமானியர் அதற்குக் கொடுத்த காலனித் தகுதியின் மிச்சம். ரேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட 'கீவேர்ட்ஸ்' நூலில், 'கல்ச்சர்' என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்தது என்று காட்டுகிறார். பண்பாடும் காலனியும் உடன்பிறப்புகள். நம்மூரில் இதைத் தெரிந்துகொள்ள லத்தீன் தேவையில்லை. தேர், திருவிழா, கோயில் மரியாதை என்று பண்பாடு கொண்டாடும் ஊர், காலனியை வெளியே நிறுத்தித்தானே தன்னை ஊர் என்று உணர்கிறது?

பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இலங்கை 1802 முதல் முடிக்குரிய காலனி. லண்டனில் அதைக் கவனித்தது காலனி அலுவலகம். இந்தியாவுக்கு 1858 முதல் தனியாக இந்தியா அலுவலகம். பின்னர் சுதந்திர இலங்கையில், கல்லோயாத் திட்டக் குடியேற்றங்களை எண் போட்டு 'கொலனி' என்றார்கள். 1956 ஜூனில் கல்லோயாவில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஈழத் தமிழர் காதில் அந்தச் சொல் நிலம் பறிபோன கதையாகத்தான் விழும்.

தமிழ்நாட்டில் நடந்தது வேறு. தலித்துகளுக்கு அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்புகள் 'ஹரிஜன் காலனி' என்ற பெயரைச் சுமந்தன. காந்தி பரப்பிய 'ஹரிஜன்' என்ற சொல்லைத் தலித் அரசியல் நிராகரித்தது. பேச்சிலிருந்தும் அது மெல்ல உதிர்ந்தது. அடைமொழி போனால் பெயர்ச்சொல் பொதுவாக வேண்டும், அதுதான் இலக்கணம். இங்கே உதிர்ந்த அடைமொழியின் அர்த்தத்தையும் பெயர்ச்சொல்லே விழுங்கிக்கொண்டது. ஆகவே மற்றவர்கள் காலனியில் குடியிருக்க வேண்டுமென்றால் அடைமொழி கட்டாயமாயிற்று: பேங்க் காலனி, ரயில்வே காலனி, டீச்சர்ஸ் காலனி. 'பேங்க் காலனில வீடு கட்டிட்டோம்' என்பது பெருமை. 'காலனிக்காரன்' என்பது வசவு. உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008இல் இடிக்க முடிந்தது. இந்த அடைமொழிச் சுவருக்குச் செங்கல்லே வேண்டாம், இடிக்கவும் எந்த இயந்திரமும் வராது.

'சேரி'க்கும் இதே கதிதான். சோழர் காலத்துப் பிரமதேயங்களில் பிராமணர் குடியிருந்த பகுதிகளும் சேரிகளே. கல்வெட்டில் 'தீண்டாச்சேரி' என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. இன்று வெறும் 'சேரி' போதும், அர்த்தம் விளங்கிவிடுகிறது.

2025 ஏப்ரல் 29 அன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் அது மாறிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். இதை வெறும் பெயர்ப்பலகை அரசியல் என்று கிண்டலடிக்க நான் தயாரில்லை. வேலைக்கு விண்ணப்பம் போடும்போது முகவரியிலேயே சாதியை எழுதிக்கொடுக்க வேண்டியிருந்த பிள்ளைக்கு இது சின்ன விஷயமா என்ன? 1922இல் எம்.சி. ராஜா 'ஆதிதிராவிடர்' என்ற பெயருக்காகச் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்ததும் இதே மானப் பிரச்சினைதான். எங்களை நீ என்ன பெயர் சொல்லி அழைப்பாய் என்பதை நாங்கள் தீர்மானிப்போம் என்ற குரல் அது.

ஆனால் ஒரு சந்தேகம் பாக்கி. 2012 நவம்பரில் தர்மபுரியில் எரிக்கப்பட்ட மூன்று குடியிருப்புகளில் ஒன்றின் பெயர் அண்ணா நகர். பெட்ரோல் குண்டு பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு விழவில்லை. நாளைக்கே 'காலனிக்காரன்' என்ற இடத்தில் 'நகர்க்காரன்' வந்து உட்கார்ந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிரிவினை தரையில் இருக்கிறவரை, அதன் மேல் வந்து விழும் எந்தச் சொல்லும் கறைபடத்தான் செய்யும்.

காலனிய உலகம் இரண்டாக வெட்டப்பட்ட உலகம் என்று 1961இல் ஃபனான் எழுதியது அல்ஜீரியாவை மனதில் வைத்து. ஊரும் காலனியுமாக வெட்டுண்ட நம் கிராமத்தைப் படிக்க அதைவிட நல்ல வாசகம் கிடைக்காது. ஆனால் நாம் அதை வெள்ளைக்காரனைப் பற்றியதாகவே வாசித்துக்கொண்டோம், நமக்கு அது சௌகரியம். காலனிய நீக்கம் என்று நாம் எழுதுகிற பதத்தை ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் அதன் பட்டியல் தெளிவானது: 1892 அரசாணை தந்த பஞ்சமி நிலம் திரும்ப வர வேண்டும், பிணம் போகப் பாதை வேண்டும், குடிநீர்த் தொட்டி ஒன்றாக வேண்டும். இதில் எதையும் தொடாமல் சொல்லை மட்டும் நாம் கைகழுவினால், காலனி பலகையிலிருந்து போகும். ஊர் ஊராகவே இருக்கும்.