தஹ்கீக்கும் தஆருஃபும்: அல்பீரூனியின் இந்திய நூலை முன்வைத்து

ஒரு நாட்டு மக்களின் நிலத்தையும் வரலாற்றையும் சமூகத்தையும் ஒரே நூலுள் ஆராய முற்பட்டோர் உலகில் சிலரே. அவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அபூரைஹான் அல்பீரூனி. 973-இல் குவாரிஸ்மில் பிறந்து, 1017-இல் அந்நாடு மஹ்மூதிடம் வீழ்ந்தபின் கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்ட இவ்வறிஞர், 1030-ஐ ஒட்டி நிறைவு செய்த நூலே 'கிதாபுல் ஹிந்த்' எனச் சுருக்கமாக வழங்கப்படுவது. 80 இயல்கள் கொண்ட அதன் அரபு மூலத்தை எட்வர்ட் ஸகாவ் 1887-இல் பதிப்பித்தார். மறு ஆண்டு ஆங்கிலத்திலும் தந்தார். இந்நூலைப் போற்றி நம்மவர் எழுதியவை பல. அளந்து பார்ப்பதே ஆசிரியருக்கு நாம் செய்யும் மரியாதை என்று கருதுகிறோம்; ஏனெனில் அளப்பதையே அவர் தொழிலாகக் கொண்டிருந்தார்.

நூலின் முழுப்பெயர் 'தஹ்கீக்' என்னும் சொல்லோடு தொடங்குகிறது. உண்மையை நிலைநாட்டுமளவு ஆராய்தல் என்பது அதன் பொருள். அச்சொல்லுக்கு அவர் உண்மையாகவே நடந்துகொண்டார். சமஸ்கிருதம் கற்றார், பதஞ்சலியின் யோக நூலை அரபியாக்கினார். இந்துக்களின் கோட்பாடுகளை மறுப்பதற்காக அன்றி, அவர்கள் கூறுமாறே எடுத்துரைப்பதற்காக எழுதினார். ஒத்த கருத்துகளைக் கிரேக்கரிடத்தும் சூஃபியரிடத்தும் தேடி அருகே வைத்தார். தம்மை ஆண்ட சுல்தானின் படையெடுப்புகள் இந்நாட்டின் செழிப்பை அழித்தன என்றும், அதனால் கல்வி தொலைவிடங்களுக்கு ஒதுங்கியது என்றும் எழுதிய துணிவு, அரசவையை அண்டி வாழ்ந்த அறிஞரிடம் அரிதாகக் காணப்படுவது.

நிலத்தைக் கற்ற முறையும் இத்தகையதே. மலையருகே பெருங்கற்கள், தொலைவில் சிறுகற்கள், கடலையண்டி மணல் என்ற வரிசையைக் கண்டு, வட இந்தியச் சமவெளி ஒருகாலத்தில் கடலாயிருந்து ஆற்று வண்டலால் தூர்ந்தது என்று முடிவு கட்டினார். கல்லைப் படித்து வரலாறு காணும் இம்முறையின் அருமையைத் திருவள்ளூர் மாவட்டத்தார் எளிதில் உணர்வர். இங்குள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்கருவிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று கணித்தது.

எனினும் சமூகத்தைப் பற்றிய இயல்களில் அவருடைய அளவுகோல் குறுகிவிடுகிறது. லாகூர், முல்தான் முதலிய இடங்களின் அகலாங்குகளைக் கூறிவிட்டு, அவற்றுக்கு அப்பால் தாம் சென்றதில்லை என்று அவரே ஒப்புகிறார். அவ்வேளையில் தெற்கே இராஜேந்திர சோழன் ஆண்டுகொண்டிருந்தான். இம்மாவட்டத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அவ்வரசனுடையவை. அந்தத் தெற்கு அவர் நூலில் செவிவழிச் செய்தியாகவே நிற்கிறது.

நான்கு வருணங்களைக் கூறியபின், ஊர்களுக்குப் புறத்தே வாழும் எட்டுத் தொழிற்குழுக்களை அவர் பட்டியலிடுகிறார். மாலுமி, மீனவர், நெசவாளர் ஆகியோர் அதில் அடங்குவர். அவர்களுள்ளும் வண்ணார், செருப்புத் தைப்போர், நெசவாளர் ஆகிய மூவரோடு ஏனையோர் மணவுறவு கொள்வதில்லை என்கிறார். வடக்கே ஒரு வட்டாரத்தில், பண்டிதர் வாயிலாகக் கிடைத்த செய்தியாக இது மெய்யாயிருக்கலாம். ஆயின் சோழநாட்டில் நெசவுத் தொழிலரான கைக்கோளர் படைப்பிரிவுகளிலும் இடம்பெற்றிருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஒரு பகுதியின் வழக்கு 'ஹிந்த்' முழுமைக்கும் உரியதாக எழுதப்பட்டுவிட்டது. அதனினும் பெரிய குறை, அந்த எண்மரில் ஒருவரேனும் அந்நூலில் தம்மைப் பற்றித் தாமே பேசவில்லை என்பது.

அப்பட்டியலைப் பழவேற்காட்டில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பி, 1690 வரை சோழமண்டல வணிகத்தின் தலைமையிடமாகக் கொண்ட துறைமுகம் அது. மரக்காயர்களும் லெப்பைகளும் வாழ்ந்த ஊர். அதன் செல்வம் எவர் கையால் வந்தது? துணி நெய்தவர், கப்பலோட்டியவர், ஏரியிலும் கடலிலும் வலை வீசியவர் ஆகியோரின் கையால் அன்றோ! மலாய் மக்கள் இன்றும் கைலியைக் 'காயின் பெலிக்காட்' என்கின்றனர். பெலிக்காட் என்பது பழவேற்காட்டின் பெயரே. ஊருக்குப் புறத்தே வைத்து எண்ணப்பட்ட தொழிலே ஓர் ஊரின் பெயரைக் கடல் கடந்து நிலைநிறுத்திற்று.

எல்லா மனிதரும் சமம், இறையச்சத்தாலன்றி உயர்வில்லை என்பது முஸ்லிம்களின் நிலை எனக் கூறும் அல்பீரூனி, இரு சமூகங்களும் நெருங்க முடியாமைக்கு இவ்வேறுபாட்டையே பெருந்தடையாகக் காட்டுகிறார். இங்கே நாம் அவரோடு வேறுபடுகிறோம். பண்டிதரிடம் அது தடையாயிருந்திருக்கலாம். புறத்தே நிறுத்தப்பட்ட நெசவாளரிடமும் மீனவரிடமும் அதுவே வாயிலாகியிருக்கும். அவ்வாயிலை அவர் தட்டிப் பார்க்கவில்லை.

திருமறையின் 49-ஆம் அத்தியாயம் 13-ஆம் வசனம், மனிதர் பல குலத்தினராய்ப் படைக்கப்பட்டதன் நோக்கத்தைத் 'தஆருஃப்' என்னும் வேரடியான சொல்லால் சுட்டுகிறது. அரபு இலக்கணம் அறிந்தோர்க்கு அவ்வமைப்பு இருதரப்புச் செயலைக் குறிப்பது என்பது தெரியும். ஒருவர் ஆராய, மற்றவர் ஆராயப்படுவது தஹ்கீக். இருவரும் அறிந்து, இருவரும் அறியப்படுவது தஆருஃப். அல்பீரூனி முன்னதில் நிகரற்றவர். பின்னதை அவர் நூல் எட்டவில்லை.

இது பழங்கதையன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் உழைக்கின்றனர். ஈழத்து ஏதிலியர் முகாமும் 1990 முதல் அவ்வூரில் உள்ளது. வெளியூர்த் தொழிலாளரை நாம் 'வடக்கர்' என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம். அவர்களுள் நம்மோடு ஒரே ஸஃப்பில் தொழுவோரும் உளர். தொழுகை முடிந்தபின் பெயர் கேட்பார் எத்தனை பேர்? அல்பீரூனி சமஸ்கிருதம் கற்க முதுமையையும் பொருட்படுத்தவில்லை என்று மேடைதோறும் புகழும் நாம், பக்கத்தில் நிற்பவரின் மொழியில் நான்கு சொற்களேனும் கற்றோமா?

இந்திய மக்களைப் பற்றி இனி நூல் எழுதப் புகும் நம் இளைஞர்கள், அல்பீரூனியின் நேர்மையையும் உழைப்பையும் அப்படியே கைக்கொள்ளட்டும். அவர் நின்ற பண்டிதர் வீட்டுத் திண்ணையோடு அவர்கள் நின்றுவிட வேண்டாம். பழவேற்காட்டு வலைஞரிடமும் சிப்காட் வாயிலில் நிற்கும் தொழிலாளியிடமும் சென்று கேட்கட்டும்; அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளுக்கும் விடை சொல்லட்டும்.