பங்குனி ஆமையும் பத்துக் கோடி வழக்கும்

2011ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள் டில்லி உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று, வாயில்லாப் பிராணிகளுக்காகப் பேசுவோர் அனைவரும் கருத்தூன்றிப் படிக்கத்தக்கது. வாதி டாட்டா சன்ஸ் நிறுவனத்தார். பிரதிவாதி கிரீன்பீஸ் இயக்கத்தார். வழக்குக்குக் காரணமாய் அமைந்ததோ கணினியில் ஆடும் சிறு விளையாட்டு ஒன்று. ஒடிசா மாநிலத்தில் தாம்ரா என்னும் இடத்தில் டாட்டா ஸ்டீலும் லார்சன் அண்ட் டூப்ரோவும் சரிபாதிப் பங்கில் ஒரு துறைமுகம் கட்டி வந்தன. அதற்கு அண்மையில் இருப்பது கஹிர்மாதா கடற்கரை. தமிழ்நாட்டுக் கரையோர மீனவர் பங்குனி ஆமை என்று அழைக்கும் கடலாமைகள் ஆயிரமாயிரமாகக் கரையேறி முட்டையிடும் மணல் அது. துறைமுகத்தால் அந்த ஆமைகள் அழியும் என்று கிளர்ச்சி செய்த கிரீன்பீசார், 2010இல் அவ்விளையாட்டை வெளியிட்டனர். அதில் ஆமை புள்ளிகளை விழுங்கிக்கொண்டே ஓடும். டாட்டாவின் வட்டச் சின்னம் தாங்கிய பேய்கள் அதனைத் துரத்தும். அவ்வளவே.

இதற்காக வாதியார் கேட்டவை இரண்டு. ஒன்று, 10 கோடி ரூபாய் நட்ட ஈடு. மற்றொன்று, வழக்கு முடியுமட்டும் அவ்விளையாட்டை எவரும் காணாதபடி இடைக்காலத் தடை. இரண்டாவது கோரிக்கையே உயிரானது என்பதை வழக்காடிப் பழகியவர் அறிவர். நட்ட ஈடு பல ஆண்டு கழித்து வரலாம், வராமலும் போகலாம். தடை இன்றே வாயைக் கட்டிவிடும்.

நீதிபதி இரவீந்திர பட் தடையை மறுத்தார். இணையம் என்பது பழைய நாளிதழ் போன்றதன்று, ஒரு நொடியில் உலகெங்கும் பரவுவது. ஆகவே பழைய விதி இதற்குப் பொருந்தாது என்று வாதியார் தரப்பில் வாதிக்கப்பட்டது. அதனை அவர் ஏற்கவில்லை. அந்தப் பழைய விதி 1891இல் இங்கிலாந்தில் பொன்னார்டு – பெரிமன் வழக்கில் நிலைபெற்றது: தாம் கூறியதை மெய்ப்பிக்க ஆயத்தம் என்று பிரதிவாதி சொல்லும்போது, அது பொய்யென்பது வெட்டவெளிச்சமாய்த் தெரிந்தாலன்றி, விசாரணைக்கு முன்பே அவரைத் தடுத்தலாகாது. சின்னத்தைப் பயன்படுத்தியது பற்றிய வாதமும் அவ்வாறே வீழ்ந்தது. ஒரு நிறுவனத்தைக் கேலி செய்யவும் குறை கூறவும் அதன் சின்னத்தைக் காட்டுதல் வேறு, அச்சின்னத்தை வைத்து வாணிகம் செய்தல் வேறு. தடை விதித்தால் துறைமுகத்தைப் பற்றிய பொது விவாதமே உறைந்துபோகும் என்பதும் தீர்ப்பின் கருத்து.

இவ்வகைத் தீர்ப்புக்குத் தமிழகத்திலேயே முன்னோடி உண்டு. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடாதவாறு நக்கீரன் இதழைத் தடுக்க முயன்றபோது, அச்சேறுமுன் தடுக்க அரசுக்கும் அதன் அலுவலருக்கும் உரிமையில்லை என்று இந்திய உச்சநீதிமன்றம் 1994இல் தீர்த்தது. டில்லித் தீர்ப்பு அதே நெறியில் ஒரு படி முன்னே சென்று, பெருநிறுவனத்துக்கும் அக்கதவை எளிதில் திறக்க மறுத்தது. அஃது அதன் சிறப்பு.

அதன் குறை எங்குள்ளது? டில்லியில் தடைக்கு இரையாக இருந்தது ஒரு விளையாட்டு. பேய் ஆமையைத் துரத்துகிறது என்பதை எழுத்துக்கு எழுத்து உண்மை என்று எவரும் கொள்ளார். நையாண்டி என்பது மிகைபடக் கூறுவது. அதனைக் காப்பாற்ற நீதிபதிக்கு அதிகத் துணிவு தேவைப்படவில்லை. ஆனால் பிராணிகளுக்காகப் பேசுவோர் பெரும்பாலும் நையாண்டி செய்வதில்லை. 'இந்தப் பண்ணையில் கோழிகள் நிற்கக் கால் இல்லாமல் கிடக்கின்றன', 'இந்தக் கடையில் பூனைகளுக்கு மூன்று நாளாய்த் தண்ணீர் இல்லை' என்று பெயர் சுட்டி, இடம் சுட்டிச் சொல்கின்றனர். அவை உண்மையா பொய்யா என்று கேட்கக்கூடிய கூற்றுகள். அவற்றுக்கே பாதுகாப்பு மிகுதியும் வேண்டும். அவற்றுக்கே டில்லித் தீர்ப்பில் விடை குறைவாக உள்ளது.

மெய்ப்பிப்பது எளிதன்று. சான்று எல்லாம் பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கிறது; பூட்டோ வாதியின் கையில். இதற்கு உலகறிந்த சான்று இலண்டனில் நடந்த மெக்டொனால்ட்ஸ் வழக்கு. 1986இல் ஒரு சிறு குழுவினர் அந்நிறுவனத்தைக் கண்டித்துத் துண்டறிக்கை கொடுத்தனர். 1990இல் ஐவர் மீது வழக்கு வந்தது. மூவர் மன்னிப்புக் கேட்டு விலகினர். ஹெலன் ஸ்டீல், டேவ் மோரிஸ் என்னும் இருவர் மட்டும் நின்றனர். கையில் பொருளில்லை, அவதூறு வழக்குக்கு அரசின் சட்ட உதவியும் இல்லை. விசாரணை 313 நாள் நடந்தது. 1997இல் வந்த தீர்ப்பில் 60,000 பவுன் கட்டும்படி ஆயிற்று. 1999இல் மேல்முறையீட்டில் அது 40,000 ஆகக் குறைந்தது. தோல்விதான். ஆயினும் அதே தீர்ப்பில், கூண்டில் அசைய இடமின்றி வளர்க்கப்படும் முட்டைக் கோழிகளுக்கும், சில கோழிகள் நினைவு தப்பாமலேயே கழுத்தறுபடுவதற்கும் அந்நிறுவனமும் பொறுப்பு என்றும், அவை கொடுமையே என்றும் நீதிபதி கண்டார். அந்த உண்மை எப்படி வெளிவந்தது? நிறுவனத்தின் சொந்த ஆவணங்களும் சாட்சிகளும் விசாரணைக் கூண்டில் ஏறியதால் வந்தது. மன்னிப்புக் கேட்ட மூவரைப் போல மற்ற இருவரும் ஒதுங்கியிருந்தால் அது வெளிச்சம் கண்டிராது. 2005இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், வழக்கறிஞர் துணையின்றி அவ்விருவரையும் அப்பெரு நிறுவனத்தோடு மோதவிட்டது முறையன்று என்று பிரிட்டன் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கு தொடங்கிப் பதினைந்து ஆண்டு கழித்து வந்த நீதி.

2001இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் வேறொரு வகையில் இதே முடிச்சை அவிழ்த்தது. தாஸ்மேனியாவில் பொசம் என்னும் விலங்கை அறுத்து இறைச்சி ஏற்றுமதி செய்யும் கூடமொன்றில், அத்துமீறி நுழைந்தவர் இரகசியமாகப் படம் பிடித்தனர். அப்படத்தை ஒளிபரப்பாதபடி தடுக்க நிறுவனம் முயன்றது, நீதிமன்றம் இணங்கவில்லை. படம் பிடித்த முறை குற்றமாயிருக்கலாம். அதனாலேயே, அதில் தெரியும் காட்சியை ஊர் பார்க்கக்கூடாது என்றாகிவிடாது.

பிராணிகள் பற்றிய பேச்சில் காலம் என்பது தனி அழுத்தம் பெறுகிறது. மனிதர் இருவர் வழக்கில் இடைக்காலம் மூன்றாண்டு ஆனால், இருவரும் காத்திருக்கலாம். பிராணி காத்திராது. கிள்ளானை அடுத்த கேத்தாம் தீவில் 2009இல் நடந்ததை நினைவுகூர்வோர் இன்றும் இருப்பர். தெருநாய்த் தொல்லை பொறுக்காத தீவு மக்கள் ஏறத்தாழ 300 நாய்களைப் பிடித்து, ஆளில்லாத அலையாத்திக் காட்டுத் தீவுகளில் விட்டுவிட்டனர். உணவின்றி அவை ஒன்றையொன்று தின்னத் தொடங்கிய செய்தி பரவிய பின்னரே பிராணி நலச் சங்கத்தாரும் தொண்டர்களும் படகேறிச் சென்று உணவளித்தனர், சிலவற்றை மீட்டனர். அங்கே வழக்கு எதுவும் எழவில்லை. எழுந்து, செய்தியைப் பரப்பலாகாது என்று ஒரு திங்களுக்குத் தடை வந்திருந்தால், அந்தத் திங்களின் முடிவில் விசாரிக்க என்ன மிஞ்சியிருக்கும்? நாய்க்கு இடைக்காலத் தடை என்று ஒன்றில்லை. அதற்கு அதுவே இறுதித் தீர்ப்பு. மனுநீதிச் சோழன் கதையில் கன்றை இழந்த பசு தானே வந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. இக்காலத்தில் மணிக்கயிறு எட்டாத உயிர்களுக்காக மனிதர் ஒருவர் கயிற்றை இழுக்கவேண்டியிருக்கிறது. இழுத்தவரையே சபைக்கு இழுப்பதுதான் புதுமை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நிலை என்ன? டில்லித் தீர்ப்புக்கு அடுத்த திங்களிலேயே, அஃதாவது 2011 பிப்ரவரியில், ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு எழுந்தது. பலாக்கோங் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த பர்மியத் தொழிலாளர் 31 பேரின் குறைகளை மனித உரிமை வழக்கறிஞர் சார்ல்ஸ் ஹெக்டர் தம் இணையப் பக்கத்தில் எழுதினார். அசாஹி கோசேய் நிறுவனம் 1 கோடி வெள்ளி கேட்டு அவர் மீது வழக்குத் தொடுத்தது. அங்கே பேசப்பட்டது பிராணிகளைப் பற்றியதன்று. ஆனால் பேச முடியாதவர்க்காக ஒருவர் பேசியதும், நிறுவனம் அவரை எதிர்த்ததும் ஒன்றே. எதிர்த்தரப்பைக் கேளாமலேயே இடைக்காலத் தடை கிடைத்தது. டில்லி மறுத்ததை, சில வாரங்களுக்குள் ஷா ஆலாம் வழங்கியது. மலேசியச் சட்டம் இவ்விதியை அறியாததன்று. நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில், அவதூறு வழக்கில் முன்தடை என்பது மிக அரிதாக, ஐயமற்ற இடத்தில் மட்டுமே தரவேண்டியது என்று அன்றைய உச்சநீதிமன்றம் 1980களிலேயே கூறியிருக்கிறது. ஏட்டில் உள்ள விதி, மாலை நேரத்தில் ஒருதலையாக வரும் விண்ணப்பத்தின் முன் மறந்துபோகிறது போலும். வழக்கு அந்த ஆகஸ்டிலேயே சமரசத்தில் முடிந்தது. ஹெக்டர் நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டார். நட்ட ஈடு 1 வெள்ளி. செலவுத்தொகை 1 வெள்ளி. ஒரு கோடி கேட்டு ஒரு வெள்ளியில் மனநிறைவு கொண்ட நிறுவனம் தேடியது பணத்தையா, அமைதியையா என்பதை வாசகர் கணித்துக்கொள்ளலாம்.

இத்தகைய அச்சத்துக்குக் கோலாலம்பூரில் வேர் ஆழமாகவே ஊன்றியிருக்கிறது. 1994இல் தொழிலதிபர் வின்சென்ட் டான் தொடுத்த வழக்கில், எழுத்தாளரும் வெளியீட்டாளரும் அடங்கிய பலர் மீது மொத்தம் 1 கோடி வெள்ளி விதிக்கப்பட்டது. அதில் பத்திரிகையாளர் எம்.ஜி.ஜி. பிள்ளையின் தலையில் விழுந்தது 20 இலட்சம். 2000இல் கூட்டரசு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. பிற்பாடு இத்தகைய மாபெருந் தொகைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் மட்டுப்படுத்தியது உண்மை. ஆயினும் வழக்கறிஞர் கடிதத்தைக் கையில் வாங்குபவருக்கு நினைவில் நிற்பது அந்தப் பெரிய எண்தான்.

மறுபக்கத்தையும் தள்ளிவிடுதல் நேர்மையன்று. பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நாய்க்குட்டியும் பறவையும் விற்கும் சிறு கடைக்காரர் ஒருவரைப் பற்றி, வேறெங்கோ எடுத்த படத்தைப் போட்டு வாட்ஸ்அப்பில் ஒருவர் பொய் பரப்பினால், விடிவதற்குள் அவர் பிழைப்பு போய்விடும். அவருக்கு நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருக்கவேண்டும். சட்டமும் பேசுவோர்க்குச் சில வழிகளை விட்டிருக்கிறது. காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரை வைத்து அவதூறு வழக்குத் தொடுக்க முடியாது என்பது 2012இல் கூட்டரசு நீதிமன்றம் தந்த தீர்ப்பு. 2015ஆம் ஆண்டுப் பிராணிகள் நலச் சட்டம், கொடுமை செய்வோர்க்கு 100,000 வெள்ளி வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் வகுத்திருக்கிறது. அதிகாரிகளிடம் சொல், ஊரிடம் சொல்லாதே என்பது இவற்றால் விளையும் அறிவுரை. அதிகாரி அசைந்தால் அது நல்ல அறிவுரையே. அசையாதபோது ஊரிடம் சொல்லாமல் என் செய்வது?

ஊரிடம் சொன்னவர் தப்பினாலும் சொன்னதை அச்சிட்டவர் தப்புவதில்லை என்பது இன்னொரு விந்தை. பகாங்கில் ரவூப் தங்கச் சுரங்கத்தின் சயனைடைக் கண்டித்த ஊர்க்குழுவின் துணைத் தலைவி மீது சுரங்க நிறுவனம் வழக்காடியது. 2019இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்நிறுவனம் தோற்றது. ஊராரின் அச்சத்தைச் செய்தியாக்கிய மலேசியாகினி மீதான வழக்கிலோ, 2021 ஜூலையில் அதே கூட்டரசு நீதிமன்றம் 3க்கு 2 என்ற பெரும்பான்மையில் நிறுவனத்தின் பக்கம் தீர்த்தது. ஐந்து நீதிபதிகளில் இருவர் மாறுபட்டதே, கருத்து இன்னும் முடிந்துபோகவில்லை என்பதற்கு அடையாளம்.

இவையெல்லாம் ஓரிடத்தில் வந்து முட்டுகின்றன. நிறுவனத்தின் பெயரும் மனிதனின் மானமும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவையா? மானம் போனால் மனிதன் உறக்கமிழக்கிறான். அவன் பிள்ளை பள்ளியில் தலைகுனிகிறது. கம்பெனிக்கு உறக்கமில்லை, பிள்ளையுமில்லை. அதன் பெயர் ஒரு வாணிக முதல். கெட்டால் கணக்கில் குறையும், குறைந்ததைக் கணக்கில் காட்டவும் முடியும். டில்லி நீதிபதி பெரிதும் முன்தடை என்ற ஒன்றிலேயே கருத்தூன்றியதால் இவ்வேற்றுமையை முடிவுவரை தொடர்ந்து செல்லவில்லை. மற்ற நாட்டுச் சட்டங்கள் தொடர்ந்து சென்றுள்ளன. இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, இலாபத்துக்காக நடக்கும் அமைப்பு கடுமையான பொருள் நட்டத்தைக் காட்டியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் பத்துப் பேர்க்குக் குறையாமல் வேலையாள் வைத்திருக்கும் நிறுவனம் அவதூறு வழக்கே தொடுக்க இயலாது. பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் போன்ற சிறியவர்க்கு அங்கும் தடையில்லை. மலேசியாவின் 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தில் இத்தகைய பிரிவு எழுதப்பெறவில்லை. மாறாக, மாநில அரசே குடிமகன் மீது அவதூறு வழக்குத் தொடுக்கலாம் என்று 2018இல் சரவாக் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது. அரசுக்கே அவ்வழி திறந்திருக்கையில் கம்பெனிக்கு அடைபடும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆனால், தடை கேட்டு வரும் நிறுவனத்திடம் மறுதரப்பு வரும்வரை பொறுத்திரு என்று சொல்லவும், நட்டக் கணக்கை எடுத்துக் காட்டு என்று கேட்கவும் நீதிபதிக்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

கணக்கைக் கேட்டால் என்ன தெரியவரும் என்பதற்குத் தாம்ராவே சான்று. ஆமை விளையாட்டை எவரும் தடை செய்யவில்லை. துறைமுகம் 2011இலேயே வாணிகத்தைத் தொடங்கிற்று. 2014இல் அதானி நிறுவனம் அதனை வாங்கியபோது பேசப்பட்ட விலை 5,500 கோடி ரூபாய்.