வளை வாசலில் வெயில்

தார் பாலைவனத்தில் ஜெய்சல்மேரை அடுத்த வெட்டவெளி. முள்வால் பல்லியைப் படமெடுக்க, வளைக்கு எதிரே குப்புறப் படுத்துக் காத்திருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் இந்தப் பல்லியைச் 'சாண்டா' என்பார்கள். இரவில் மண்ணால் அடைத்துக்கொண்ட வாசல், வெயில் ஏறியதும் மெல்லத் திறக்கிறது. முதலில் மழுங்கிய மூக்கு, பிறகு கண். நம் நிழல் அசைந்தால் போதும், உள்ளே போய்விடும். அசையாதிருந்தால் முழு உடம்பும் வெளியே வந்து வெயில் காய்கிறது. கருத்திருந்த தோல், சூடேற ஏற மணல் நிறத்துக்கு வெளுக்கிறது. வாலில் வளையம் வளையமாக முள். லென்ஸில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது.

புல்லும் இலையும் மேயும் இந்தச் சாதுவை எண்ணெய்க்காகக் கொல்கிறார்கள்; 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருந்தும் வேட்டை ஓயவில்லை. படமெடுக்கும் நாமாவது, அது அஞ்சி ஓடாமல் தானாக வளைக்குத் திரும்பும்வரை காத்திருந்து எழுவதே நல்ல படத்துக்கு அழகு.