செய்ந்நன்றி அறிதல்: பொங்கல் நாளில் ஓர் இலக்கிய நோக்கு

தலைநகர் தில்லியில் தைத்திங்கள் முதல் நாள் காலை எவ்வாறு விடியும் என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஐ.என்.ஏ. சந்தையில் தேடி வாங்கிய மஞ்சள் கொத்தைப் பானையின் கழுத்தில் கட்டி, எரிவாயு அடுப்பில் ஏற்றி, பால் பொங்கும் நேரம் பார்த்துப் பிள்ளைகளைப் போர்வைக்குள்ளிருந்து எழுப்பி நிறுத்துகிறோம். படையலை ஏந்திக்கொண்டு மாடி முகப்புக்கு வந்தால், வெளியே வெள்ளைத் திரையாக மூடுபனி நிற்கிறது. எதிர்வீட்டுச் சுவரே தெரியாத இடத்தில் கதிரவனை எங்ஙனம் காண்பது? சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு நின்றபோது நம் வீட்டுச் சிறுமி கேட்டாள்: "சூரியனே வரவில்லையே அப்பா, யாருக்கு நன்றி சொல்கிறோம்?"

"கும்பிடம்மா, வந்துவிடுவார்" என்று சொல்லி அன்று தப்பித்துக்கொண்டோம். ஆயினும் அவ்வினா நெஞ்சைவிட்டு அகலவில்லை. நன்றி என்பது யாது? அது வாயாற் சொல்வதா, கையாற் செலுத்துவதா? பட்ட கடன் அடைபட்டதும் தீர்ந்துபோவதா? இவ்வினாக்களைக் கையிற்கொண்டு பழைய நூல்கள் சிலவற்றைப் புரட்டிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை. புலவர்க்குப் புதிது கூறும் துணிவு நமக்கில்லை. அலுவலகக் கோப்புகளுக்கிடையே நாளைக் கழிக்கும் ஒரு குடும்பத்தான் கண்டவற்றை, அவன்போன்ற குடும்பத்தார் முன் வைக்கிறோம்.

சொல்லும் பொருளும்

இன்று நன்றி என்றால் கூட்டத்தின் இறுதியில் ஆற்றும் உரை நினைவுக்கு வருகிறது. மடலின் முடிவில் இடும் சொல் நினைவுக்கு வருகிறது. நாம் பிறர்க்கு அளிப்பது நன்றி என்று கொண்டிருக்கிறோம். பண்டை வழக்கு இதற்கு நேர்மாறானது. நன்மை, அறம் என்பனவே அச்சொல்லின் பழம்பொருள். வள்ளுவர் ஒழுக்கமுடைமை அதிகாரத்தில் அப்பொருளிலேயே அதனை ஆள்கிறார். எனவே செய்ந்நன்றி என்பது பிறர் நமக்குச் செய்த நன்மை. நன்றி அவருடையது; அறிதல் ஒன்றே நம்முடையது.

இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் நன்றியை நாம் செலுத்தும் பொருளாகக் கொண்டால், செலுத்திய மறுகணம் கணக்கு முடிந்துவிடுகிறது. அறிதல் அவ்வாறு முடிவதில்லை. தாய்மொழியை அறிந்தவன் அதனை ஒருநாள் அறிந்து மறுநாள் விட்டுவிடுவதுண்டோ?

வள்ளுவரின் அளவுகோல்

திருக்குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அதன் பத்துக் குறட்பாக்களையும் வரிசையாக நோக்கினால் ஒரு நயம் புலப்படும். முதற்பாவில், முன் ஓர் உதவியும் பெறாதவர் செய்த உதவிக்கு ஈடாக மண்ணும் விண்ணும் வைக்கப்படுகின்றன. இரண்டாவதில், உற்ற நேரத்து உதவிக்கு நிலவுலகம். மூன்றாவதில், பயன் கருதாத உதவிக்குக் கடல். நான்காவதில் அளவு சட்டெனச் சுருங்கித் தினையும் பனையும் ஆகிவிடுகிறது. விண்ணில் தொடங்கிய அளவுகோல் ஒரு தினையரிசியில் வந்து நிற்கிறது. ஐந்தாவது பாவிலோ வள்ளுவர் அளவுகோலையே கீழே வைத்துவிடுகிறார்: உதவியின் அளவு உதவியில் இல்லை, பெற்றவரது சான்றாண்மையில் இருக்கிறது என்கிறார். கொடுத்தவரை அளக்கப் போன நாம், இறுதியில் நம்மையே அளந்துகொள்ள நேர்கிறது.

எஞ்சிய ஐந்து பாக்களில் என்ன செய்யச் சொல்கிறார்? மறவாதே, கைவிடாதே, பிறவிதோறும் நினை, தீமையை அன்றே மறந்துவிடு, கொன்றாற்போன்ற தீங்கு செய்தவரிடத்தும் முன் செய்த ஒரு நன்மையை நினை, அந்நன்மையைக் கொன்றுவிடாதே. பத்துப் பாக்களில் ஓரிடத்திலேனும் வாங்கியதைத் திருப்பிக் கொடு என்ற கட்டளை இல்லை. திருப்பிக் கொடுத்தல் அரிது என்பதே முதற்பாவின் கருத்து. பின்னர் ஒப்புரவறிதல் அதிகாரத்தில், மழைக்கு இவ்வுலகம் எதைக் கைம்மாறாகச் செய்யமுடியும் என்றும் வினவுகிறார். உழவர் திருநாளின் உட்பொருள் அவ்வினாவில் அடங்கியிருக்கிறது எனலாம். மழைக்கும் வெயிலுக்கும் மாட்டுக்கும் நாம் படைப்பது கடனை அடைப்பதற்கன்று. கடன்பட்டிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்வதற்கே.

பாலும் தேனும்

செய்ந்நன்றி கொன்றவர்க்கு உய்வில்லை என்னும் கருத்தைப் புறநானூற்றின் 34ஆம் பாட்டிலும் காண்கிறோம். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை ஆலத்தூர் கிழார் பாடியது அது. பசுவின் மடியை அறுத்தல் முதலான கொடுமை செய்தோர்க்குங்கூடக் கழுவாய் உண்டு. பிறர் செய்ததைக் கொன்றவர்க்கு மட்டும் இல்லை என்கிறது பாட்டு. இங்குப் புலவர் நன்றி என்ற சொல்லை ஆளவில்லை. செய்தி என்றே குறிப்பிடுகிறார். செய்தி என்பது செய்யப்பட்டது. நாளிதழில் நாம் தேடும் செய்தி அக்காலத்தில் ஒருவர் நமக்குச் செய்த நன்மையாக இருந்திருக்கிறது.

ஆயினும் இப்பாட்டில் நம்மைக் கவர்வது கழுவாயைப் பற்றிய எச்சரிக்கையன்று. உடனே புலவர் ஓர் உணவைக் காட்டுகிறார். புறாவின் முட்டைபோன்ற வரகரிசியைப் பாலில் வேகவைத்துத் தேன் கலந்த சோறு. அதனோடு முயலின் சூட்டிறைச்சி. இலந்தை மரம் நிற்கும் ஊர்ப் பொதுவிடத்தில் பாணர் சுற்றத்தோடு அமர்ந்து வயிறார உண்கின்றனர். இத்தகைய வாழ்வை அளித்தவனைக் காலையும் மாலையும் நான் பாடாவிடின் கதிரவனும் தோன்றமாட்டான் என்கிறார் புலவர். பாலில் வெந்த சோறு, கூடியுண்ணும் சுற்றம், கதிரவன்: நம் பொங்கற் காலையின் மூன்றும் அங்கிருக்கின்றன. பெருஞ்சிறப்பொன்றையும் பாடாமல், உண்ட சோற்றை இன்னது இன்னது என்று பெயர் சொல்லிக் காட்டுவதே அவர் நன்றியறிந்த முறை. பொதுப்பட எல்லாவற்றுக்கும் நன்றி என்பவன் எதையும் அறியவில்லை.

கும்பகருணனின் இக்கட்டு

இதுவரை வழி நேராக இருந்தது. இனி ஒரு முடிச்சு வருகிறது. நன்மை செய்தவர் தவறான பக்கத்தில் நின்றால் என் செய்வது?

கம்பர் இவ்வினாவை யுத்த காண்டத்தில் கும்பகருணன்மேல் ஏற்றிக் காட்டுகிறார். சீதையைச் சிறைவைத்தது தவறு என்று அவையிலேயே அண்ணனை இடித்துரைத்தவன் அவன். போர்க்களத்தில் வீடணன் வந்து இராமன் பக்கம் அழைக்கிறான். நெடுங்காலம் வளர்த்து, போர்க்கோலமும் செய்துவிட்டவனுக்காக உயிர்கொடாமல், நிலையற்ற வாழ்வை விரும்பி அங்கு வாரேன் என மறுக்கிறான் கும்பகருணன். நீ போ, எங்களுக்கு எள்ளும் நீரும் இறைக்க நீயாவது வேண்டும் என்று தம்பியைத் தழுவி அனுப்புகிறான். அறத்தின் பக்கம் ஒருவன், நன்றியின் பக்கம் ஒருவன். இருவரும் கண்ணீரோடு பிரிகின்றனர்.

செஞ்சோற்றுக் கடன் தீர்த்தவன் என்று கும்பகருணனைப் போற்றுவது மரபு. நாமும் அவ்விடத்தைப் படித்துக் கலங்கியதுண்டு. ஆனால் தவறு என்று தெரிந்தும் அவன் கொடுத்தது தன் உயிரை மட்டுமா? அவன் கையால் மாண்ட வானரர்கள் எவருடைய நன்றிக்காக மாண்டனர்? தன்னுடையதைக் கொடுக்க ஒருவனுக்கு உரிமையுண்டு; பிறருடையதைக் கொடுத்துத் தன் கடனைத் தீர்க்க உரிமையுண்டா?

இங்கே திருக்குறளின் வைப்புமுறை நமக்குக் கைகொடுக்கிறது. 11ஆம் அதிகாரத்தை அடுத்து 12ஆவதாக நிற்பது நடுவுநிலைமை. இவ்வரிசைக்குப் பரிமேலழகர் காரணம் கூறுகிறார்: நன்மை செய்தவரிடத்து அந்நன்மையை நினைக்கும்போது நடுவுநிலை சிதையக்கூடும், அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்காகவே அதன்பின் இது வைக்கப்பட்டது என்பது அவர் உரையின் கருத்து. உரையாசிரியர்கள் அதிகாரத்துக்கு அதிகாரம் கூறும் இயைபுகளைப் பலர் படியாமலே கடந்துவிடுவர். நாமும் அவ்வாறு கடந்தவரே, ஒரு நிகழ்ச்சி நம்மை அங்கே நிறுத்தும் வரையில்.

பதிவேட்டில் ஒரு நாள்

இந்நகருக்கு வந்த புதிதில் கையில் பணமும் வாயில் இந்தியும் இல்லாமல் நின்ற நமக்குத் தம் வீட்டு மாடியறையைத் திறந்துவிட்டார் ஒரு பெரியவர். ஏழு மாதம் வாடகை என்ற பேச்சையே எடுக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது அவர் துணைவியார் கஞ்சி வைத்து மாடியேறி வந்தார். வள்ளுவர் கூறும் மூவகை உதவியும் அவ்வொரு வீட்டிலேயே நமக்குக் கிடைத்தன.

சில ஆண்டுகள் சென்றன. ஒருநாள் அப்பெரியவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். உறவினர் ஒருவரின் விண்ணப்பம் குறித்த நாளுக்கு ஒருநாள் பிந்தி வந்திருந்தது. வரவுப் பதிவேடு நம்மிடம் இருந்தது. முந்தைய நாளின் பக்கத்தில், கடைசி வரிக்குக் கீழே, ஒரு வரி எழுத இடமும் இருந்தது. "ஒரு தேதிதானே தம்பி" என்றார். தினையளவு உதவிதான். நாம் எழுதவில்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

அன்றிரவு அடுத்தடுத்த அவ்விரு அதிகாரங்களையும் திரும்பத் திரும்பப் படித்தோம். அந்த ஒரு வரி நம் உடைமையன்று. நாள் தவறாமல் விண்ணப்பித்து வரிசையில் நின்ற முகமறியாத பலருடையது. அதை எடுத்துக் கொடுத்திருந்தால் நன்றி அறிந்தவராகியிரோம். பிறர் பொருளால் நம் கடனைத் தீர்த்தவராகியிருப்போம். இவ்வாறு தெளிந்தோமெனினும் துயில் வரவில்லை. நூல் தரும் தெளிவு வேறு, ஏழு மாதம் உண்டு உறங்கிய வீட்டின் நினைவு வேறு.

அவ்வாண்டுப் பொங்கலன்று வழக்கம்போல் தூக்குப் பாத்திரத்தில் பொங்கலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். திறப்பாரோ என்ற அச்சம் இருந்தது. அவரே திறந்தார். நம்மையும் பாத்திரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "உள்ளே வா தம்பி, ஆறிவிடப் போகிறது" என்றார். அப்பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாமும் எடுக்கவில்லை. இன்றுவரை ஓர் ஆண்டும் அவ்வீட்டுக்குப் போகத் தவறியதில்லை.

நரையில்லாப் புலவர்

குடும்பமும் ஊரும் ஒருவனுக்கு அளிக்கும் அன்றாட நலன்களைப் பாடிய பாட்டு எது எனக் கேட்டால், பிசிராந்தையாரின் 191ஆம் புறப்பாட்டையே காட்டுவோம். ஆண்டு பல சென்றும் நரை இல்லையே, எவ்வாறு என்று வினவியோர்க்கு அவர் விடை கூறுகிறார். மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர், ஏவலர் தம் கருத்தறிந்து நடப்பவர், வேந்தன் முறையல்லன செய்யாது காப்பவன், ஊரில் கற்று அடங்கிய சான்றோர் பலர் வாழ்கின்றனர். அவ்வளவே. தாம் செய்தது என்று ஒன்றையும் அவர் கூறவில்லை. நன்றி என்ற சொல்லும் பாட்டில் இல்லை. தம் தலைமயிரின் கருமைக்குக்கூடப் பிறரே காரணம் என்று அறிந்திருந்தார்.

அவர் இதைக் கூறிய சூழலும் நினைக்கத்தக்கது. மக்களே பகைத்தெழுந்த நிலையில் வடக்கிருந்த நண்பன் கோப்பெருஞ்சோழனை நாடி, பாண்டிநாட்டிலிருந்து வந்த இடத்தில் கூறினார். பின்னர் அவரும் அங்கேயே வடக்கிருந்து உயிர்விட்டார். இத்தனை நலன்களையும் விட்டுப் பிரிந்து வந்த இடத்தில் நின்று அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார். ஊரைவிட்டு வந்த நமக்கு இப்பாட்டு பிறரினும் சற்று நெருங்கியது என்பதில் வியப்பில்லை.

கூடியிருந்து உண்ணல்

மார்கழியில் நம் பெண்பிள்ளைகள் ஓதும் திருப்பாவையில் 27ஆம் பாசுரம் நோன்பின் நிறைவைச் சொல்வது. நெய் முழங்கைவரை வழியும் பாற்சோற்றை ஆண்டாள் அங்கே வைக்கிறாள்; அதைத் தனியே உண்ணவில்லை, தோழியரோடு கூடியிருந்து உண்கிறாள். அடுத்த பாசுரத்தில், அறிவொன்றுமில்லாத ஆயர் நாங்கள், உன்னோடு எமக்குள்ள உறவை ஒழிக்கமுடியாது என்கிறாள். அடைத்துத் தீரும் கடனுக்கு அங்கு இடமில்லை. ஒழியாத உறவே இருக்கிறது. நன்றியின் நினைவு எழுபிறப்புக்கும் என்று வள்ளுவர் கூற, உறவு ஏழேழ் பிறவிக்கும் என்கிறாள் ஆண்டாள்.

நம் தெருவில் லோஹ்ரியும் போகியும் ஒரே நாளில் வருகின்றன. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் எள்ளுருண்டையும் நிலக்கடலையும் கொணர்ந்து தருவார். மறுநாள் நாம் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோவோம். யார் யாருக்குக் கடன்பட்டோம் என்று இரு வீட்டாரும் கணக்கெழுதியதில்லை.

சிறுமியின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். மூடுபனிக்குப் பின்னால் கதிரவன் இருக்கிறான். ஊரில் முற்றத்தில் கோலமிட்டு நம் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கும் பாட்டியும், இப்பானையில் வேகும் அரிசியை விளைத்த, நாம் பெயரறியாத உழவனும் அவ்வாறே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறார்கள். தெரியாதபோதும் இருக்கிறார்கள் என்று அறிவதற்காகத்தான் அம்மா, கும்பிடுகிறோம்.

ஆலத்தூர் கிழார் தம் பாட்டை முடிக்கையில், இமயத்தில் திரண்டு பொழியும் மழைத்துளிகளினும் பல நாள் வாழ்க என்று தம் வேந்தனை வாழ்த்துகிறார். காவிரி நாட்டு வேந்தனுக்கு வடபுலத்து மழையை அளவாக வைத்தார் அப்புலவர். அவ்வடபுலத்திலேயே வந்து வாழும் நாம், நம்மை வாழவைத்தோர் அனைவர்க்கும் அதே வாழ்த்தைக் கூறுவோம். பொங்கலோ பொங்கல்!